கடிக்காதவள்

அத்தியாயம் பதினான்கு

அம்மா இறந்து அன்று நூறு நாள். யாயன் ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் வந்து தொண்ணூற்றேழு நாள். இடையில் இருக்கும் மூன்று நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கீழே அப்பா வாடகைப் பாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, நாலரைக்கு அம்மாவுக்காக ஓத வருவார்கள். மேலே அக்காவும் தம்பியும் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“ஏழு,” என்றான் யாயன். “நாலாக்கணும், தேத்தே. நாலு மணிக்குள்ள.”

ரெங்கனிஸ் அவனைவிட ஒன்பது வயது மூத்தவள்; அக்காவை அவன் தேத்தே என்றுதான் கூப்பிடுவான். திரையைப் பார்த்தாள்.

இரண்டு வருடமாகச் செய்கிற போன் விளையாட்டு. அவன் ஜகார்த்தாவில் இருந்தபடி நிரல் எழுதினான். அவள் இங்கே வரைந்தாள், அலுவலகத்துக்கும் அம்மாவுக்கும் கொடுத்தது போக மிஞ்சிய நேரத்தில். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று. அதில் ஒரே ஒருவன் உயிரோடு இருக்கிறான். மற்றவர்கள் இறந்தும் நடக்கிறார்கள். அவன் கையில் பன்னிரண்டு தோட்டாக்கள். மொட்டை மாடிக்குப் போய்ச் சேர வேண்டும்.

சிங்கப்பூர் வெளியீட்டாளர் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் யாயன் பெயர். அதை நம்பி அவன் ஜகார்த்தா வேலையை விட்டிருந்தான். இன்று மாலை, சிங்கப்பூரில் ஐந்து மணி அடிக்கும்போது, இங்கே நான்கு மணி, விளையாட்டு அவர்கள் கைக்குப் போக வேண்டும். மலிவான போனிலும் திக்காமல் ஓட வேண்டும்.

மலிவான போன் கோமாருடையது. யாயனோடு படித்தவன். பக்கத்துத் தெருவில் போன் பழுது பார்க்கிறான். கீறல் விழுந்த அந்தப் போனோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

“மறுபடியும் திக்குது,” என்றான். “ரெண்டாவது மாடிக்கே இந்தச் சூடு. ஆறாவது மாடிக்குப் போனா இதுமேல முட்டை பொரிக்கலாம்.”

ஒவ்வொரு வகைப் பிணத்துக்கும் தனி உடல் வேண்டும். தனித் தோல். நடக்க, அடிக்க, விழத் தனித்தனி அசைவுகள். அத்தனையும் ஒரே சமயத்தில் போனின் நினைவகத்தில் உட்கார வேண்டும். ஏழு பேருக்கு அங்கே இடமில்லை.

காலையில் யாயன் ஒரு குறுக்குவழி பார்த்தான். எல்லோருக்கும் ஒரே நடையைக் கொடுத்தான். நடைவழியில் முப்பது பிணங்கள் ஒன்றாக இடது காலைத் தூக்கின. ஒன்றாக வைத்தன.

“திங்கக்கிழமை ஸ்கூல் கொடியேத்தமா?” என்றான் கோமார். “நானும் சல்யூட் அடிக்கணுமா?”

ரெங்கனிஸ்கூடச் சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றையும் அரை நொடி தள்ளித் தள்ளி நடக்கவிட்டார்கள். இப்போது நிஜக் கூட்டம் போலத் தெரிந்தது. போன் மட்டும் திக்கியது.

“உடம்பு ஒண்ணு, சட்டை ஏழுன்னு வச்சுடலாமா?” என்று கேட்டான் யாயன்.

“சட்டை மாறினா எதிரி மாறிடுவானா? விளையாடறவன் வேற மாதிரி யோசிக்கணும். அப்பதான் அது வேற எதிரி.”

“யோசிக்கறவங்க யாரு இந்த போன் வச்சிருக்காங்க?”

“நான் வச்சிருக்கேன்,” என்றான் கோமார்.

பிணங்களுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஓடி வருபவன் ஓஜெக், சந்தில் பறக்கும் வாடகை பைக்கைப் போல. குழாய்க்குள்ளிருந்து தவழ்ந்து வருபவன் பிளம்பர். நெருங்கி வந்து வயிறு வெடிப்பவர் தெருத் தலைவர்.

“யாரை வேணாலும் எடுங்க,” என்றான் கோமார். “தெருத் தலைவரைத் தொடாதீங்க. அவர் வெடிக்கிறதைப் பாக்கத்தான் நான் தினம் வர்றேன்.”

பிளம்பர் போனார். இன்னும் இருவர் போனார்கள். ஒன்பதரைக்கு நான்கு பேர் மிஞ்சினார்கள். நான்காவது வால்.

வால் ஓடாது. அடிக்காது. கடிக்காது. நைட்டி போட்ட, குட்டையான வயதான பெண். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, செருப்பை இழுத்து இழுத்துப் பின்னாலேயே வருவாள். நின்றால் நிற்பாள். சுட்டால் கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி வருவாள். அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வருவார்கள். தப்பிக்க ஒரு வழிதான். ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் வெளியே நிற்பாள்.

அந்த நடையை நடித்தது ரெங்கனிஸ். போன மாதம், உடம்பெல்லாம் அசைவைப் பதிவுசெய்யும் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, இதே அறையில். ஒரே தடவை. யாயன் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

“எங்க கத்துக்கிட்டீங்க?” என்று மட்டும் கேட்டான்.

“சும்மா,” என்றாள்.

பத்து மணிக்கு சிங்கப்பூரிலிருந்து கெய் லின் கூப்பிட்டாள். வெளியீட்டாளர் பக்கத்தில் இந்த விளையாட்டுக்குப் பொறுப்பு அவள். குரல் எப்போதும் மென்மையாக இருக்கும்.

“பதினோரு பேர் விளையாடிப் பாத்தாங்க,” என்றாள். “அதுல ஒன்பது பேர் அந்தப் பாட்டி மேல தோட்டாவை வீணாக்கியிருக்காங்க. கோபமா எழுதியிருக்காங்க.”

“வீணாகணும்னுதான்,” என்றாள் ரெங்கனிஸ்.

“புரியுது. ஆனா எதிரின்னா மிரட்டணும், இல்ல கொல்லணும். இவ ரெண்டும் செய்யல. பாவமா இருக்கா. பாவப்பட வைக்கிறதை வித்து எனக்குப் பழக்கமில்ல.”

“அவளுக்கு இடமே வேண்டாம். அடிக்கிற அசைவு இல்ல. விழற அசைவு இல்ல. நடை மட்டும்தான். அரை உடம்புதான் அவ.”

“இடம் பிரச்சினையே இல்ல. கடிக்க வைங்க. இல்லாட்டி எடுத்துடுங்க. யாயன், நீங்க கேக்கறீங்களா?”

“கேக்கறேன்,” என்றான் யாயன்.

ரெங்கனிஸ் எழுந்து கீழே போனாள்.

அப்பா தரையில் உட்கார்ந்து சோற்று டப்பாக்களை மடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தபால் பிரித்த கை. அட்டையின் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. ரெங்கனிஸ் எதிரில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தாள்.

“என்ன, நெங்?” மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “தம்பியோட சண்டையா?”

“இல்லப்பா. நாலு பேரைத்தான் வச்சுக்க முடியுமாம். மிச்சத்தை எடுக்கச் சொல்றாங்க.”

“பிணத்தையா?”

“ம்.”

“செத்தவங்களை எடுத்துத்தானே ஆகணும்,” என்றார். சொன்ன பிறகு கை நின்றது. அடுத்த டப்பாவை எடுத்தார். “எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியல. அறுபது சொல்லியிருக்கேன்.”

“நாப்பதாம் நாளைக்கு முப்பது பேர்தான் வந்தாங்க.”

“கூட இருக்கட்டும்.”

அறுபதையும் இருவரும் மடித்து முடித்தார்கள். அம்மா இருந்தபோது அந்த வீட்டில் ஓயாமல் ஒரு செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான்கு வருடம் கேட்டது. கடைசி ஒரு வருடம் அம்மாவுக்கு யார் பெயரும் நினைவில்லை. ஆனால் யாராவது எழுந்தால் தானும் எழுவாள். யாராவது நடந்தால் பின்னாலேயே நடப்பாள்.

மதியத்துக்கு மேல் ரெங்கனிஸ் மாடி ஏறியபோது யாயன் வேலையை முடித்திருந்தான்.

“பத்து நிமிஷம்தான் ஆச்சு,” என்றான். “ஓஜெக்கோட கடியைத் தூக்கி வாலுக்குப் போட்டேன். ரெண்டு பேருக்கும் எலும்புக்கூடு ஒண்ணுதானே.”

“கேக்காமயா?”

“கேட்டா விடுவீங்களா?”

கோமார் விளையாடிக்கொண்டிருந்தான். போனில் தெரிவது பெரிய திரையிலும் தெரிந்தது. இரண்டாவது மாடி நடைவழி. வால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். நெருங்கினாள். சட்டென்று நுனிக்காலில் எழும்பி, வாயைப் பிளந்து, தலைக்கு மேலே காற்றைக் கடித்தாள்.

ஓஜெக் ஒரு முழம் உயரம் அதிகம். கடி அவன் உயரத்துக்குச் செய்தது. அங்கே இல்லாத ஒரு கழுத்தை வால் கடித்துவிட்டு மறுபடி குட்டையானாள்.

“கொசு பிடிக்கறாங்களா?” என்றான் கோமார்.

“உயரத்தைச் சரி பண்ணிடறேன்,” என்றான் யாயன்.

“எடுத்துடு,” என்றாள் ரெங்கனிஸ்.

“கடியையா? அப்ப வாலையும் எடுக்கணும். கெய் லின் சொன்னது கேட்டீங்கல்ல?”

“வால் அப்படியே இருக்கட்டும்.”

“ஏன்? அதைச் சொல்லுங்க முதல்ல. மத்த மூணு பேரை எடுக்கச் சொன்னப்ப ஒரு வார்த்தை பேசல. இவளுக்கு மட்டும் ஏன்?”

அவள் சுவரோரம் போய் நின்றாள். யாயன் கடியின் உயரத்தைக் குறைக்க ஆரம்பித்தான். மூன்று மணி வரை குறைத்தான்.

மூன்று மணிக்கு அப்பா தேநீரும் பொரித்த வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். பாய் விரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொல்ல வந்தவர். சொல்லவில்லை. தட்டோடு நின்றுவிட்டார்.

திரையில் வால் வந்துகொண்டிருந்தாள்.

“இமாஸ்,” என்றார் அப்பா.

அம்மாவின் பெயர். வீட்டில் அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

யாயன் திரும்பிப் பார்த்தான். “என்னப்பா?”

“அந்தக் கை. சுவத்துல வச்சிருக்காளே, அந்தக் கை.”

வால் நெருங்கினாள். இந்த முறை உயரம் சரியாக இருந்தது. வாயைப் பிளந்து கடித்தாள். திரை சிவந்தது.

தட்டில் தேநீர் சிந்தியது. அப்பா அதைக் கவனிக்கவில்லை.

“அவளுக்கு ஏன் வாய் அப்படிப் போகுது?” என்று கேட்டார். “அவ யாரையும் கடிச்சதில்லையே.”

கோமார் போனை மெதுவாகத் தரையில் வைத்தான். எழுந்து அப்பா கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான்.

“நான் போய்ப் பாய் விரிக்கறேன், பாக்,” என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

யாயன் அக்காவைப் பார்த்தான்.

“அம்மாவா?”

“ம்.”

“எனக்குத் தெரியாது, தேத்தே.”

“தெரியாதுன்னு தெரியும். கடியை எடு.”

யாயன் ஒரே ஒரு கட்டத்தில் இருந்த குறியை அழித்தான். அவ்வளவுதான் வேலை.

அப்பா கோமார் விட்ட இடத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். “எதை அழுத்தினா நடக்கும்?”

“அப்பா, மணி மூணேகால். நாலுக்குள்ள அனுப்பணும்.”

“எதை அழுத்தணும், ஜாங்?” என்றார் மகனிடம்.

யாயன் காட்டினான். அப்பா நடந்தார். சுவரில் முட்டினார். திரும்பினார். வால் பின்னால் வந்தாள். அப்பா ஒரு வீட்டுக்குள் போனார். கதவைத் திறந்தபடி வைத்துவிட்டு நின்றார்.

“கதவைச் சாத்துங்க,” என்றான் யாயன். “அந்தப் பச்சை பட்டன்.”

“வந்துக்கிட்டிருக்காளே.”

வால் உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே ஓஜெக் வந்தான். அப்பா செத்தார்.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை தெருத் தலைவர் வந்து வெடித்தார்.

“கதவைச் சாத்தாம இந்த மாடியைத் தாண்ட முடியாதுப்பா.”

“சரி,” என்றார் அப்பா. மூன்றாம் தடவையும் சாத்தவில்லை.

“சாத்தணும்பா,” என்றாள் ரெங்கனிஸ். சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். “கோமார் சாத்தினான். எல்லாரும் சாத்துவாங்க. அதுக்காகத்தான் அவளைச் செஞ்சேன்.”

“எதுக்காக?”

“நான் மட்டும்தான் சாத்தினேனான்னு பாக்க.”

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ராத்திரி எட்டு மணிக்கு இந்த வேலையோட உக்காருவேன். இந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுப்பேன். அம்மா மாடி ஏறி வந்து வெளியே நிப்பாங்க. கதவைத் தடவிக்கிட்டே. சில நாள் ஒரு மணி நேரம். கூப்பிட மாட்டாங்க. தட்ட மாட்டாங்க. சும்மா நிப்பாங்க. நான் உள்ள உக்காந்து பிணத்துக்குச் சாயம் பூசிக்கிட்டிருப்பேன்.”

திரையில் அப்பாவின் ஆள் நடைவழியில் நின்றுகொண்டிருந்தான். வால் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் பகல்ல,” என்றார் அப்பா.

ரெங்கனிஸ் நிமிர்ந்தாள்.

“நீ ஆபீஸ் போனதும். அவளைக் கூடத்துல உக்கார வச்சுட்டு, உள்ள போய்ப் பூட்டிப்பேன். ஒரு மணி நேரம் தூங்கறதுக்கு. எழுந்து வந்து திறந்தா வாசப்படியிலயே நின்னுக்கிட்டிருப்பா. என்னைப் பாத்ததும் சிரிப்பா.”

“ஏம்பா என்கிட்ட சொல்லல?”

“நீ சொன்னியா?”

ஒரே வீடு. இரண்டு வருடம். அம்மா பகலில் ஒரு கதவுக்கு வெளியேயும் இரவில் ஒரு கதவுக்கு வெளியேயும் நின்றிருக்கிறாள். அப்பாவும் மகளும் தினமும் மாலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்,” என்றான் யாயன். “வீடியோவுல பேசும்போது அம்மா நல்லாத்தானே இருந்தாங்க.”

“ஞாயித்துக்கிழமை. அஞ்சு நிமிஷம்,” என்றாள் ரெங்கனிஸ். “அதுக்கு முன்னால அரை மணி நேரம் நான் தலை வாரிவிடுவேன்.”

“நான் இருந்திருந்தாலும் சாத்தித்தான் இருப்பேன், தேத்தே. என்னால மட்டும் முடிஞ்சிருக்குமா?”

“தெரியல.” அவள் குரல் தணிந்திருந்தது. “நீ இல்லையே.”

யாயன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். மணி மூன்று ஐம்பத்திரண்டு. கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் வால் கடிப்பாள். ஒன்றில் கடிக்க மாட்டாள்.

ரெங்கனிஸ் அவன் முதுகைப் பார்த்தாள். கேட்கலாம். கெஞ்சலாம். நூறு நாளில் அவள் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை.

அவன் ஒன்றைத் தேர்ந்தான். அனுப்பினான். கீழே ஒரு வரி எழுதினான். அவள் இருந்த இடத்திலிருந்தே அதைப் படிக்க முடிந்தது.

வால் கடிக்க மாட்டாள். இதுதான் இறுதி.

ரெங்கனிஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

“என் பேர்லதான் ஒப்பந்தம்,” என்றான் திரும்பாமல். “என்னைத்தான் திட்டுவாங்க. திட்டட்டும்.”

கீழே யாரோ ஸலாம் சொன்னார்கள். நேரத்துக்கு முன்பே வந்துவிடும் இரண்டு கிழவர்கள். கோமார் பதில் ஸலாம் சொல்லி உட்கார வைப்பது கேட்டது.

“அப்பா, வந்துட்டாங்க,” என்றாள் ரெங்கனிஸ்.

அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை எப்படி நிறுத்தறது?”

“நிறுத்த முடியாதுப்பா. இந்த விளையாட்டுல நிறுத்தி வைக்கறது கிடையாது. விட்டுட்டு வந்தா செத்துடுவான்.”

“ஏன் அப்படி வச்சீங்க?”

“பயமா இருக்கணும்னு,” என்றான் யாயன்.

அப்பா தலையசைத்தார். எழுந்திருக்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் முதல்ல போங்க. இவன் சாகட்டும். அப்புறம் வர்றேன்.”

யாயன் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டான். ரெங்கனிஸ் முக்காட்டைச் சரிசெய்தாள். மாடிப்படியில் அவன் முன்னால், அவள் பின்னால். பாதி இறங்கியபோது அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தான். கெய் லின். மூன்றே வரி.

கோப்பு கிடைத்தது. நாளை காலை ஒன்பதுக்குப் பேச வேண்டும். உங்கள் அக்கா இல்லாமல்.

“அவதானே?” என்று பின்னாலிருந்து கேட்டாள் ரெங்கனிஸ். “என்ன சொல்றா?”

யாயன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“கிடைச்சிடுச்சாம். நாளைக்குப் பேசறாளாம்.”

“நம்ம ரெண்டு பேர்கிட்டயுமா?”

கீழே கிழவர்கள் அவனைப் பார்த்துக் கை நீட்டினார்கள். அவன் மிச்சப் படிகளை வேகமாக இறங்கினான்.

“ம்,” என்றான்.